மாடத்தில் வைத்தது புத்தகமல்ல

வேனில் ஒரு இருக்கை காலியானதால்தான் டீச்சர் அந்த இடத்தைப் பார்க்கவே வந்தாள். பதிவு செய்திருந்த ஒருவருக்குக் காய்ச்சல். வேன் ஓட்டுகிறவர் டீச்சரின் கணவர். "சும்மாதானே போகுது, ஏறிக்க" என்றார். இருபத்திரண்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு அந்தப் பழைய பௌத்தப் பல்கலைக்கழகத்தைப் பாடம் நடத்தியவள், அதன் ஒரு செங்கல்லைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அவரோ வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்வருகிறவர். கல்யாணமான புதிதில் யாரோ கேலியாகத் தொடங்கிவைத்ததில் அவரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். அவள் பாடக் குறிப்பேட்டைக் கைப்பையில் மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள், ஏதோ அந்த இடிபாடுகள் எழுந்து நின்று அவளைக் கேள்வி கேட்கப் போகிற மாதிரி.

வாசலில் நீலக் குடையோடு கைடு நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், பேசிப் பேசிக் கரகரத்த குரல். வேனிலிருந்து இறங்கிய பதினொரு பேரையும் விட்டுவிட்டு முதலில் "வாங்கண்ணே" என்றாள் டிரைவரைப் பார்த்து. பிறகுதான் மற்றவர்களுக்கு வணக்கம். டீச்சர் யாரென்று தெரிந்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாயிற்று. அண்ணன் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் என்றாள். டீச்சருக்கு அந்த இடத்திலேயே சுருக்கென்றது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறக்காமல் கையை நீட்டுகிற மனுஷன், இவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறாராம்.

அந்தக் காலத்தில் இந்த வாசலிலேயே ஒரு பண்டிதர் இருந்து, படிக்க வருகிறவர்களைக் கேள்வி கேட்பாராம். பதில் தெரியாதவன் அப்படியே திரும்ப வேண்டியதுதான். பத்துக்கு ஏழு பேர் திரும்பிப் போனார்களாம். இதெல்லாம் டீச்சருக்குத் தெரிந்ததுதான். குறிப்பேட்டில் மூன்றாம் பக்கம். தலையை ஆட்டிக்கொண்டு, கைடு சரியாகச் சொல்கிறாளா என்று சோதிக்கிற தோரணையில் கேட்டுக்கொண்டிருந்தாள். கைடு குடையைக் கை மாற்றிக்கொண்டு டிரைவரைக் காட்டினாள்.

"திரும்பிப் போனவங்க எங்க போயிருப்பாங்கன்னு இந்த அண்ணன் ஒருத்தர்தான் கேட்டாரு. பதிமூணு வருஷத்துல வேற யாரும் கேக்கல. எனக்கே பதில் தெரியாம போய்த் தேடிப் படிச்சேன்."

பதினொரு பேரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். டீச்சருக்கு வயிறு எரிந்தது. நல்ல கேள்வி, அதுதான் வினை. அவளிடம் படித்த பிள்ளைகளில் ஒன்றுகூட அதைக் கேட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. அதற்குமேல், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டா? சாப்பாடு ஆயிற்றா என்பதைத் தவிர? பாடத்தை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டவருக்கு, இங்கே வந்தால் மட்டும் எங்கிருந்து முளைத்தது அந்த ஆர்வம்? ஒருத்தி அண்ணே என்று கூப்பிட்டால் ஞானம் வந்துவிடுமோ? வேறு மாதிரிச் சந்தேகம் என்றாலாவது சண்டை போடலாம். காது கொடுத்துக் கேட்டார் என்பதற்காக யாரும் புருஷனோடு சண்டை போட முடியாது.

மாணவர்கள் தங்கிய அறைகள் வரிசையாக இருந்தன. கூரையில்லை. ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு கல் படுக்கை, நடுச்சுவரில் ஒரு சின்ன மாடம். கைடு மாடத்தைக் காட்டி, இது எதற்கென்று யாராவது சொல்லுங்களேன் என்றாள். டீச்சருக்கு உயிர் வந்தது. ஓரடி முன்னே வந்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, "புத்தகம் வைக்கிறதுக்கு" என்றாள்.

அதே நொடியில் அவள் முதுகுக்குப் பின்னால், மெதுவாக, "விளக்கு" என்றார் அவர்.

விளக்குதான். மண்ணை அள்ளிச் சுத்தம் செய்தபோது உள்ளே கரிப் படலம் இருந்ததாம். இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு. முன்பெல்லாம் புத்தகம் என்றுதான் சொன்னார்கள், தப்பில்லை அக்கா என்று கைடு பதமாகத்தான் சொன்னாள். அந்தப் பதம் டீச்சரை இன்னும் அறுத்தது. இருபத்திரண்டு வருஷப் பிள்ளைகள், வருஷத்துக்கு நாற்பது பேர், அத்தனை பேர் தலையிலும் அந்த மாடத்தில் அவள் புத்தகத்தை அடுக்கி வைத்திருக்கிறாள். இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும், அவள் வருஷா வருஷம் புத்தகம் புத்தகம் என்று சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். அவள் போகவில்லை. விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வேன் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். அவர் பின்னாலேயே வந்தார், எப்போதும்போல நாலடி தள்ளி.

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

அவர் வேன் கதவைத் திறந்தார், மறுபடி சாத்தினார். "சொன்னேனே."

"எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும். நீ காய் நறுக்கிட்டே பாடம் சொல்லிப் பாத்துட்டிருந்த. மாடத்துல விளக்குதான் இருந்துச்சாம்னு சொன்னேன். அதுக்கு நீ, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, பாடத்த நான் பாத்துக்கறேன்னு சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். டீச்சர் யோசித்துப் பார்த்தாள். அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதுதான், வேறு யாருக்கும் அது அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. அதற்காகப் பொறாமை அடங்கிவிட்டதா என்றால் அதுவுமில்லை. அவளிடம் வந்து திரும்பிப் போனதையெல்லாம் அந்த நீலக் குடைக்காரி அல்லவா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள்.

"திரும்பிப் போனவங்க எங்க போனாங்களாம்?" என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார், கேலி செய்கிறாளோ என்று. பிறகு ஒரு குச்சியைத் தேடி எடுத்து, வேன் நிழலில் குந்தி, புழுதியில் ஒரு கோடு இழுத்தார். இது மதில், இது வாசல் என்றார். மதிலுக்கு வெளியே, இப்போது வேன் நிற்கிற பக்கமாக, சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார். அடுப்புகளாம். தோண்டினபோது கிடைத்ததாம். ஊருக்குப் போக மனசில்லாமல் இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மறுபடி கேள்விக்குத் தயாரானவர்களாக இருக்கலாமாம். நிச்சயமாகத் தெரியாதாம்.

நான்காவது வட்டத்தோடு நிறுத்தி, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நிற்கிற பிள்ளைகள் அப்படித்தான் திரும்பிப் பார்க்கும், சரியா தப்பா என்று. டீச்சர் தலையாட்டவில்லை. புருவத்தைக்கூட அசைக்காமல், அவர் எதிரே புழுதியிலேயே உட்கார்ந்தாள்.

வாசலிலிருந்து, "அண்ணே, கெளம்பலாமா?" என்று கரகரத்த குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. குச்சி ஐந்தாவது வட்டத்தைத் தொடங்கியிருந்தது.