மேல்வீட்டுச் சத்தம், பதினான்கு நாள்

நகராட்சியில் இரைச்சல் புகார்களைப் பார்ப்பவன் நான். மிக்ஸி, நாய், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஆள். புகார் கொடுப்பவரிடம் ஒரு படிவம் தருவோம். என்ன சத்தம், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று பதினான்கு நாள் எழுத வேண்டும். பாதிப் பேர் மூன்றாம் நாளே கைகழுவிவிடுவார்கள். அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

இந்தப் புகாரைக் கொடுத்த தட்டச்சு டீச்சர் கைகழுவவில்லை. ஓய்வு பெற்றவர், தனி ஆள். பதினான்கு நாளும் வரி பிசகாமல் எழுதியிருந்தார். "பிற்பகல் 3.10. டொக், சர்ர். நான்கு முறை. பிறகு தடால்." மேல்வீட்டில் திருட்டுத்தனமாகத் தச்சுப்பட்டறை நடக்கிறது என்பது அவர் முடிவு. மேல்வீட்டுக்கு முறைப்படி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த மறுநாள், அளவுக் கருவியோடு டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, இருவரும் வேர்க்க விறுவிறுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"இன்னிக்குன்னு பாத்து கம்முனு இருக்காங்க பாருங்க தம்பி. நான் பொய் சொல்ற ஆள் இல்ல."

"யாரு டீச்சர் அப்படிச் சொன்னா? இருங்க, மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

கதவைத் திறந்த பெண்ணின் கையில் எங்கள் கடிதம் இருந்தது. உள்ளே நாற்காலியில் ஆஜானுபாகுவாக ஒருவர். இடது கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போல மடியில் கிடந்தது. சுவரோரம் ஒரு வாக்கரை மடக்கிச் சாத்தியிருந்தார்கள்.

"லாரி ஓட்டிக்கிட்டிருந்தவரு சார். பக்கவாதம் வந்திடுச்சு. தினம் மூணு மணிக்கு நடக்கப் பழகுவாரு. லெட்டரைப் பாத்ததும் நிறுத்திட்டாரு. இப்ப விட்டா கால் அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்றாரு. காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு."

"விடும்மா," என்றார் அவர். வார்த்தைகள் கொஞ்சம் குழறின. "ரெண்டு வாரமா இம்மி கூட முன்னேறல. இதுக்காக அடுத்தவங்க தூக்கத்தை எதுக்குக் கெடுக்கணும்?"

எனக்கு ஏதோ பொறிதட்டியது. அக்குளில் இருந்த கோப்பைப் பிரித்துப் படிவத்தைப் பார்த்தேன். புகார்தாரர் எழுதியதை எதிர்த்தரப்பிடம் காட்டக் கூடாது. பதினேழு வருடத்தில் நான் ஒருமுறையும் மீறாத விதி. சத்தமாகவே படித்தேன்.

"முதல் நாள், நாலு. அப்புறம் தடால். ரெண்டாம் நாள், நாலு, தடால். அஞ்சாம் நாள், ஒம்பது. எட்டாம் நாள், பதினாறு, தடால் இல்லை. பத்தாம் நாள் இருபத்திரெண்டு. கடைசி நாள் முப்பத்தொண்ணு."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு சார் எண்ணினது?" என்றார் லாரிக்காரர். "நான் எண்ணவே இல்லையே. விழாம இருக்கறதுலயே உசிரு போயிடும்."

பிறகு வலது கையை மனைவி பக்கம் நீட்டினார். வாக்கர் வந்தது. டொக். சர்ர். சத்தத்தை அடக்கிச் சம்பளம் வாங்குகிறவன், ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கைகள் தாமாகவே கும்பிடப் போயின. கோப்பு இருந்ததால் முடியவில்லை.

கீழே டீச்சர் அறை நடுவில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தச்சுப்பட்டறைன்னு எழுதிட்டேனே தம்பி."

மேலே சத்தம் நிற்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரியில் விரல் வைத்தார்.

"இது தப்பு. முப்பத்திரெண்டு. கடைசி அடி ரொம்ப லேசா விழுந்துச்சு. சந்தேகமா இருந்ததால சேர்க்காம விட்டுட்டேன். அவர்கிட்டச் சொல்லிடுங்க."

நான் மறுபடியும் மாடிப்படி ஏறினேன்.