அடித்தால் ஏறும் உயிர்

திருமாலும் நான்முகனும் தேடிக் களைத்த மலை, வேங்கிக்காலில் ஆர்த்தி குடியிருக்கும் வீட்டின் சமையலறைச் சன்னலிலேயே தெரியும். குக்கரின் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைப் பார்ப்பாள், கைகூப்பித் தொழுவாள், மறுபடி சாம்பாருக்குத் திரும்புவாள். மணமாகி இவ்வூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும், ஒரு பௌர்ணமியிலேனும் அவள் அம்மலையை வலம் வந்ததில்லை. பௌர்ணமிதோறும் ஆரணியிலிருந்து அவள் கணவன் முருகவேலின் சுற்றம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கும். நடக்கப் போகிறவர்களுக்குச் சமைப்பதிலும் நடந்து வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதிலுமே அவளுடைய நிலவு தேய்ந்துபோகும்.

முருகவேல் கொடியவன் அல்லன். 'இல்லை' என்னும் சொல் அவன் நாவுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இல்லையென்று சொல்லாத வள்ளல்களைப் பழம்புலவர்கள் வாயாரப் பாடினார்கள். அந்த வள்ளல்களின் அடுக்களையில் நின்று வியர்த்தவர் யாரென்று ஒருவரும் பாடவில்லை.

இம்முறை பௌர்ணமியன்று நண்பகலில், இன்றிரவு தான் நடந்தே தீரவேண்டும் என்றாள் ஆர்த்தி. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவன் வழக்கம்போல் கனிவாகச் சொன்னான். அடுத்த மாதம் என்பது தொடத் தொட விலகும் தொடுவானம் என்பதை அவள் அறிவாள். ஆகவே கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதில் அவர்கள் இருவரும் விளையாடும் சீட்டாட்டம் ஒன்று உண்டு. ஆளுக்கு இருபது உயிர், சீட்டுகளே படைவீரர்கள், எவர் உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றவர்.

"நான் ஜெயிச்சா, உங்க அண்ணனுக்கு நீங்களே போன் போட்டு, இன்னிக்கி வீட்ல சமையல் இல்லைன்னு சொல்லணும். நான் நடக்கப் போறேன்."

"நான் ஜெயிச்சா?"

"அடுத்த சித்திரை வரைக்கும் மூஞ்சியத் தூக்காம வடை சுடறேன்."

அவளிடம் அவன் ஒருமுறையும் தோற்றதில்லை. வடையின்பால் அவனுக்குப் பெருங்காதலும் உண்டு. உடனே ஒப்புக்கொண்டான்.

மதில் காப்பதை நொச்சி என்றும், மதிலை முற்றுகையிடுவதை உழிஞை என்றும் முன்னோர் வகுத்தனர். முருகவேலின் ஆட்டம் முழுதும் நொச்சி. கல்மதில்களை வரிசையாக எழுப்பிவிட்டு, அவற்றின் பின்னே ஒரு யானை வளரும்வரை பொறுமையாக அமர்ந்திருப்பான். அலுவலகத்திலும் அவன் அப்படித்தான் என்பார்கள்.

ஆர்த்தி இந்த ஆட்டத்துக்கென்றே பருந்துச் சீட்டுகளைத் திரட்டி வைத்திருந்தாள். பருந்து விரைந்து பாயும். எதிரியின் உயிரில் எவ்வளவு கவர்கிறதோ, அவ்வளவும் அதை ஏவியவரின் உயிரில் ஏறும். போரும் மருந்தும் ஒரே அலகில். இதில் ஒரு குறையும் உண்டு. தாக்கச் சென்ற சீட்டு, தன் முறை மீண்டும் வரும்வரை காவல் நிற்க இயலாது. பாய்ந்தால் வாசல் வெறுமையாகும்.

பருந்துகள் கைக்கு வருமுன், சாதாரண வீரர்களைக் கொண்டே முதலில் நன்றாகப் பாய்ந்தாள். அவன் உயிர் ஒன்பதுக்கு இறங்கியது; இடையில் அவளும் ஐந்தை இழந்து பதினைந்தில் நின்றாள். அப்போது யானை புறப்பட்டு, ஒரே மோதலில் எட்டு உயிரைக் கொண்டுபோயிற்று. அவளிடம் எஞ்சியவை ஏழு. மறுமோதலில் கதை முடிந்துவிடும். அவள் அஞ்சி, நான்கு பருந்துகளையும் வாசலில் நிறுத்திக் காவல் காக்க முடிவு செய்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆதிலட்சுமி வந்தாள். முருகவேலின் பெரியப்பா மகன் அறிவுச்செல்வனுடைய மனைவி. ஆரணிப் பட்டுக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். வேனில் வந்தால் தலைசுற்றும் என்பதால், எப்போதும் பஸ்ஸில் முன்னதாக வந்துவிடுவாள். வேன் போளூரில் டீக்குடிக்க நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். ஆட்டம் எதற்காக என்பதை இருவரும் சொல்லவில்லை. வந்த விருந்தினரிடம் அதை எப்படிச் சொல்வது? அவளோ தண்ணீர்கூடக் கேட்காமல் ஆர்த்தியின் தோள்மேல் சாய்ந்து திரையைப் பார்த்தாள். கடையில் வாடிக்கையாளர் வராத பொழுதெல்லாம் அவளும் இதே ஆட்டத்தை ஆடுகிறவள்.

"ஏம்மா, இதுங்கள எதுக்கு வாசல்ல நிக்க வெச்சிருக்கே?"

"யானை வருதுக்கா. லைஃப் கம்மியா இருக்கு."

"கம்மியா இருக்கிறதாலதான் அனுப்பணும். வீட்டக் காத்துக்கினு இருந்தா உசுரு எங்கேர்ந்து ஏறும்? வெளிய போய் அடிச்சாதான் ஏறும். எல்லாத்தையும் அனுப்பு."

"அண்ணி, நீங்க கையக் கால அலம்பிட்டு வாங்களேன்," என்றான் முருகவேல்.

"உன் மதிலு ரெண்டுதான் தம்பி. பருந்து நாலு. எண்ணத் தெரியும் எனக்கு."

தன் சாப்பாட்டுக்கே அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள்; அதை அவளிடம் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. ஆர்த்தியின் விரல் திரையின்மேல் சற்றே தயங்கிற்று. மறுகணம் நான்கு பருந்துகளும் எழுந்தன. இரண்டை மதில்கள் தடுத்துத் திருப்பி அனுப்பின. யானை தாக்கிவிட்டுத் திரும்பிய களைப்பில் கிடந்தது. மற்ற இரண்டும் உள்ளே புகுந்து மும்மூன்று உயிரைக் கவர்ந்தன. அவன் மூன்றுக்கு வீழ்ந்தான். அவள் பதின்மூன்றுக்கு எழுந்தாள்.

முருகவேல் சிரித்துக்கொண்டே யானையை மீண்டும் ஏவினான். வெறும் வாசலில் அது புகுந்து எட்டைக் கொண்டுபோனது. ஐந்து எஞ்சிற்று. ஐந்து! யானையின் மறுமோதலுக்குப் பின்னும் தன் உயிர் நிற்பதை ஆர்த்தி அன்றுதான் கண்டாள். இம்முறை ஆதிலட்சுமியின் சொல்லுக்காக அவள் காத்திருக்கவில்லை. பருந்துகள் மீண்டும் பறந்தன. மதில்கள் இரண்டும் நின்றது நின்றபடியே நிற்க, கோட்டை வீழ்ந்தது.

ஆதிலட்சுமி கைதட்டினாள். முருகவேல் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். ஆர்த்தி அதை நிமிர்த்தி, அண்ணனின் எண்ணை அழுத்தி, அவன் கையிலேயே கொடுத்தாள்.

அவன் நல்லவன், சொன்ன சொல் தவறாதவன். அண்ணன் குரல் கேட்டதும் வேனைப் பற்றி விசாரித்தான். போளூர் வெயிலைப் பற்றி விசாரித்தான். ஓட்டுநரின் மகனுடைய படிப்பைப் பற்றியும் விசாரித்தான். ஆர்த்தி எதிரே நின்று கண்ணிமைக்காமல் பார்த்தாள். இறுதியில் பிறவியிலேயே முதன்முறையாக அந்தச் சொல் அவன் வாயிலிருந்து உதிர்ந்தது.

"அண்ணா... இன்னிக்கி வீட்ல சமையல் இல்ல."

மறுமுனையில் அறிவுச்செல்வனின் குரல், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் தாழ்ந்து வந்தது.

"நெஜமாவாடா? வடையும் இல்லியா?"

"இல்லண்ணா."

வேனுக்குள் அவன் அதை அறிவிப்பதும், பலர் ஒருசேரப் பெருமூச்சு விடுவதும் இங்கே தெளிவாகக் கேட்டன. யாரோ ஒருவர் அண்ணாமலையாருக்கு அரோகரா என்றார்.

முருகவேல் ஒன்றும் விளங்காமல் அண்ணியைப் பார்த்தான். ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் ஆட்டத்தின் பொருள் விளங்கிற்று. வாய்விட்டுச் சிரித்தாள்.

"வயிறு முட்டத் தின்னுட்டு பதினாலு கிலோமீட்டர் நடக்கிற கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும் தம்பி. போற வழியெல்லாம் அன்னதானம் போடறாங்க. அதுல ஒரு வாய் வாங்கிச் சாப்ட்டு, நடந்து முடிச்சு, அப்படியே ஊர் திரும்பணும்னு உங்கண்ணன் எத்தினி மாசமா சொல்றாரு. மாசாமாசம் நீ போன் போட்டு வாங்க வாங்கன்றே. உனக்கு எப்படி மறுக்கிறதுன்னு தெரியாம வர்றாரு."

ஒரே குலத்தில் இரு வள்ளல்கள் தோன்றினால் உலகம் இப்படித்தான் இடர்ப்படும்.

தன் விருந்தோம்பல் இத்தனை நாளாய் ஒரு தண்டனையாக இருந்தது என்பதை முருகவேலின் உள்ளம் ஏற்க மறுத்தது. கைப்பேசியை மீண்டும் காதில் வைத்து, "அப்போ ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டு..." என்று தொடங்கினான். ஆர்த்தி அதை அவன் கையிலிருந்து மென்மையாக வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நாங்க மூணு பேரும் நடக்கக் கிளம்பிட்டோம். வழியில பாக்கலாம்," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

கிளம்பவில்லை, ஆனால் கிளம்ப அதிக நேரமும் ஆகவில்லை. நிலவு எழும்போது ஆர்த்தி வெறுங்காலுடன் கூட்டத்தினிடையே நடந்துகொண்டிருந்தாள். சன்னல் அளவாகவே கண்ட மலை இப்போது அவளுக்கு வலப்புறமாக, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.