சாமி கை பட்ட கால்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மாதா கோயில் பங்கு இதழ் ஒன்றின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, இன்றைய விசுவாசிக்குப் பெரிய வியாழன் சொல்வது என்ன என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார். முடிவில் கொஞ்சம் நம்பிக்கை தெரியட்டும் என்றும் சொன்னார். சரி என்று உட்கார்ந்தேன். எழுதினேன்:

சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசு, தலைமை என்பது பணிவிடையே என்று நமக்குக்

அதற்கு மேல் ஓடவில்லை. வாக்கியத்தில் பிழையில்லை. எல்லாப் பிரசங்கத்திலும் வருகிற வாக்கியம்தான். ஆனால் எழுதப் போகும்போதெல்லாம் ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். அவளைத் தாண்டிப்போக முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

2

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் பகலெல்லாம் மிஷின். வீட்டுக்கு வந்தால் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணை மங்க வைத்தது. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அப்புறம் வலது பாதத்தில் இறங்கியது. உள்ளங்காலில் குழிப்புண், கணுக்காலுக்குக் கீழே சுரணையே இல்லை. தினமும் கழுவி, மருந்து வைத்துக் கட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவள்தான் கழுவினாள்.

['அன்போடு கழுவினாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். சில நாள் அன்பு இருந்தது. சில நாள் பஞ்சும் கத்தரிக்கோலும் மட்டும்தான் இருந்தன.]

அவள் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கோயிலின் பங்குப் பேரவைக்குச் செயலரும் அவரே. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், சீடர்களின் இடத்தில் உட்கார்ந்து பங்குத் தந்தையிடம், ஊர் வாயில் சாமியிடம், பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் வருஷம் தவறாமல் ஒருவர். அப்பாவைப் பார்க்க வந்தால் வாசலோரமாகவே உட்கார்ந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்வார்.*

* அண்ணனை வில்லனாக்குவது எனக்குச் சுலபம். ஆனால் புண்ணைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும் என்பதும் உண்மை. தங்கைக்குத் தலை சுற்றுமா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

3

அந்த வருஷம் பன்னிரண்டு பேரில் ஒருவர், மகள் பிரசவத்துக்கென்று வெளியூர் போய்விட்டார். ஒரு நாற்காலி காலி. கேள்விப்பட்ட அப்பா, நான் உட்காருகிறேன் என்றார்.

அண்ணன் பதறிப்போனார். கூட்டத்தில் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்றார், முன்வரிசையில் குழந்தைகள் இருப்பார்கள் என்றார், வீடியோ எடுக்கிறார்கள் என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்லயே சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு வர்றவன் காலைத்தான் சாமி கழுவணும்னா, எதுக்குடா அந்தத் தண்ணி?"

அண்ணன் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

4

பூசை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் அப்பா, பக்கத்தில் அண்ணன். அவள் கட்டைப் பிரித்து, புண்மேல் மெல்லிய துணி ஒன்றை மட்டும் வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

பங்குத் தந்தை ஒவ்வொருவராகக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு வந்தார். அண்ணன் காலையும் முத்தமிட்டார். அப்பாவிடம் வந்தார். செம்பிலிருந்து தண்ணீரைக் குதிகாலுக்குப் பக்கத்தில், தாம்பாளத்தில் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடக் காலில் படவில்லை. காலைத் தொடவும் இல்லை. பாதி குனிந்து நிமிர்ந்தார். பிறகு தன் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

[எதையுமே தொடாத கைகளை எதற்குத் துடைத்தார்? நான் வைத்த விவரம்தான் இது. எடுத்துவிடலாமென்று பார்த்தேன், மனம் வரவில்லை.]

பூசை முடிந்ததும் அண்ணன் அவளிடம் கிசுகிசுத்தார். புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று தானே சாமியிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தாராம்; சாமியும் பக்குவமாக நடந்துகொண்டாராம். தினமும் அந்தப் புண்ணைத் தண்ணீரால்தான் கழுவுகிறோம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் யாரோ செயலரைக் கூப்பிட, அவர் போய்விட்டார்.

5

அப்பா அவள் கையைப் பிடித்தார். தண்ணீர்ச் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.

"கழுவிட்டாராம்மா?"

"கழுவிட்டார்ப்பா."

"முத்தம்?"

"குடுத்தாருப்பா."

அப்பா அழுதார். இரண்டு வார்த்தைப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து கட்டுப்போட உட்கார்ந்தபோதுதான் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சாமி கை பட்ட கால். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஆறிடும், பாரேன்."

தானே தடவித் தடவி ஒரு காலுறையை மாட்டிக்கொண்டார். அவள் கெஞ்சினாள், அதட்டினாள், டாக்டர் பேரைச் சொன்னாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் காலுறை கழலவில்லை. அவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

6

சனிக்கிழமை பங்குத் தந்தையிடமே போனாள். ஒரு தடவை வந்து நிஜமாகக் கழுவிவிட்டுப் போகச் சொல்லலாமென்று. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை வாசல்வரை நின்றது. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த அண்ணன், இன்றைக்குச் சாமிக்கு மூச்சுவிட நேரமில்லை, ஈஸ்டர் கழியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

முடிவுக்கு வருகிறேன். ஒன்று, அவள் உண்மையைச் சொல்கிறாள், இருவரும் அழுகிறார்கள், அவள் தாம்பாளத்தை எடுத்து வந்து காலைக் கழுவுகிறாள், உண்மையான பெரிய வியாழன் எது என்று அப்பாவுக்குப் புரிகிறது. இதழ் ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்குக் கூசுகிறது. எத்தனையோ நாளாக அவள் கழுவிக்கொண்டுதான் இருக்கிறாள். அப்பாவுக்கு அது கழுவலாகவே படவில்லை, கட்டுப்போடுகிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று, தூங்கும்போது கழற்றுவது. முயன்று பார்த்தாள். காலுறையைக் கையால் பொத்திக்கொண்டு தூங்கினார். ஞாயிறன்று அவர் தானே கழற்றிப் பார்ப்பதாக மூன்றாவதாக ஒரு

வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். அவள் வீட்டுக்குத் திரும்பி, பஞ்சும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். அப்பா விழித்துத்தான் இருந்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஏதோ நாறுதேம்மா. எலி கிலி செத்துக் கிடக்குதா பாரு."

அவளுக்கு என்ன பதில் எழுதிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் நீங்களே சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அந்தக் கால் ஞாயிறு வரை தாங்காது.