இரண்டு வளங்களை அனுப்பவும்

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் போடும் உத்தரவுகளைத் தமிழாக்கிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ‘ரிசோர்ஸ்’ என்று எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘வளம்’ என்று போட்டுவிடுவாள். அகராதியே அப்படிச் சொல்லும்போது அவளுக்கென்ன?

ஒரு மதியம், ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதி வழியில் நின்றுபோனது. உள்ளே இரண்டு பேர். இரண்டு ‘ரிசோர்ஸ்’ தேவை என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. “உடனே இரண்டு வளங்களை அனுப்பவும்” என்று அவள் எழுதி அனுப்பினாள். கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு கிரீஸ் டின்களை வண்டியில் ஏற்றிவிட்டார். மெக்கானிக்குகள் கிடங்கு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்துக் காவலாளி போனில் கத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் கிடங்குக்கு ஓடினாள்.

“என்னண்ணே, ஆள அனுப்பச் சொன்னா டின்ன அனுப்பியிருக்கீங்க?”

“ஆளுன்னு எங்கம்மா எழுதியிருக்க? வளம்னதும் எனக்கு எண்ணெய் வளந்தான் ஞாபகம் வந்துச்சு, இருந்த கிரீஸ ஏத்திட்டேன்.”

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். “அப்ப நானும் வளமா? சொன்னா எம் பொண்டாட்டி நம்பவே மாட்டா!” என்றபடி வண்டியில் ஏறினான்.

உள்ளே சிக்கியவர்கள் பத்திரமாக வெளியே வந்தார்கள். மறுநாள் வந்த ஆங்கில அறிக்கையில் ஒரு வரி அவளை நிறுத்தியது. லிப்டில் இருந்த தையற்காரப் பெண் மிகவும் ‘ரிசோர்ஸ்ஃபுல்’ ஆக நடந்துகொண்டாராம்.

‘வளமான பெண்’ என்று எழுதிப் பார்த்தாள். யாரோ சொத்துக்காரி மாதிரி இருந்தது. நேற்றுப் பட்டதே போதும். அந்தப் பெண் அப்படி என்னதான் செய்தார்? தெரிந்துகொள்ளாமல் எழுதக் கை வரவில்லை. சாயங்காலம் தையற்கடையைத் தேடிப் போனாள்.

தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எங்கூட ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டாரு. அவருக்குப் படபடன்னு வந்துருச்சு. வேர்த்துக் கொட்டுது, மேல்மூச்சு வாங்குது. எங்கிட்ட என்ன இருக்கு? கழுத்துல தொங்கின டேப்புதான். சட்டைக்கு அளவெடுக்கறேன், நேரா நில்லுங்கன்னேன்.”

“அந்த நேரத்துலயா அக்கா?”

“அவரும் அதத்தான் கேட்டாரு! மார்பளவு எடுக்கணும், மூச்ச நல்லா இழுங்கன்னேன். மெதுவா விடுங்கன்னேன். சரியா வரல, இன்னொரு தடவன்னேன். கை, தோள்னு அளந்து கழுத்துக்கு வந்தப்ப, ‘காலர் ரொம்பப் பெருசா வேண்டாம்மா’ன்னு அவரே பேச ஆரம்பிச்சுட்டாரு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “உங்களச் சாமர்த்தியசாலின்னு எழுதட்டுமா?”

“ஐயய்யோ! எங்க நாத்தனார் என்னத் திட்டறதே அந்த வார்த்தையிலதான்.”

“சமயோசித புத்தி?”

“அது யாரு பாஷ?”

அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பிறகு எழுதிப் படித்துக் காட்டினாள்: “கையில் இருந்ததைக் கொண்டே தையற்காரர் நிலைமையைச் சமாளித்தார்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெரியவரையும் சேத்துக்கம்மா. அவ்வளவு பயத்துலயும் அந்த மனுஷன் நின்னு அளவு குடுத்தாரே.”

ஆங்கில வரியில் பெரியவர் இல்லை. மொழிபெயர்ப்பில் ஒரு ஆளைப் புதிதாகச் சேர்க்கலாமா? சேர்த்தால் தலைமை அலுவலகம் கேட்கும். கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம். ‘சமாளித்தார்’ என்பதைச் ‘சமாளித்தார்கள்’ ஆக்கி, ‘தையற்காரர்’ என்பதை அடித்துவிட்டு, ‘இருவரும்’ என்று எழுதினாள்.