சர்க்கரை எரிகிற இடம்

...வியாதியாகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன, போன வாரம்வரை நன்றாக இருந்தவள் திடீரென்று ஆளடையாளம் தெரியாமல் கத்துவாளா என்று ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான், உள்ளே மங்கல் வெளிச்சத்தில் அவன் மனைவி கண்மூடிப் படுத்திருந்தாள், ஊசி போட்டாயிற்று, "உள்ள போனது ஒரு மாதிரி சர்க்கரைங்க, மூளையில எந்த இடம் மும்முரமா வேலை செய்யுதோ அது இழுத்துக்கும், அதனால பேச்சே கூடாது" என்று ஸ்கேன் எடுப்பவர் எச்சரித்துவிட்டுப் போனார்... அவள் உதடு அசைகிறதோ? ஐயோ, பேசாம இரேன், வீட்டில் சொல்வதைப் போலவே மனதுக்குள் சொன்னான்... முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் எல்லாரும் மனநோய் வார்டுக்கு வழிகாட்டினார்கள், நரம்பு டாக்டர் மட்டும் பிடிவாதமாக, மூளையில வீக்கமா இருக்கலாம், இருந்தா மருந்து இருக்கு, விட்டா ஆளே தக்காது என்றார்... சுவரில் தண்ணீர் ஏறுது, இது என் கையே இல்லை என்றாளே, அதெல்லாம் சுத்த உளறல், சரி, ஆனால் "என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா, உங்களுக்கு உங்க கவலைதான்" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாளே, அது மட்டும் எப்படி அத்தனை கோவையாக வந்தது, அதைப் பேசியது யார்? படத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் போதும், அதையும் வியாதிக் கணக்கில் தள்ளிவிடலாம்... சீ, என்ன மனுஷன் நான், பெண்டாட்டி தலைக்குள் நெருப்பு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேனே.

ஸ்கேன் முடிந்து, படம் வந்ததும் அவனையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார்கள், திரையில் காதோர நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் ஓரிடம் பளீரென்று எரிந்தது, "பாருங்க, இங்க இவ்வளவு இழுக்கக் கூடாது, வீக்கம்தான், இப்பவே மருந்து ஏத்திடுவோம்" என்றார் நரம்பு டாக்டர்... அப்பாடா, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது, "அப்போ அவ பேசினது எல்லாமே இதாலதானா டாக்டர்?" வாய் முந்திக்கொண்டது. டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க எரியுதுன்னுதாங்க படம் சொல்லும். சொன்னது நெஜமா இல்லையான்னு அதுக்கு என்ன தெரியும்?" மாமியாருக்கு இதெல்லாம் காதில் ஏறவேயில்லை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "எம்பொண்ணு பொழைச்சுக்குவாளாய்யா?" என்றாள்... அதைத்தானே, அதைத்தானே நான் முதலில்... டாக்டர் அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்க வேண்டும், இதையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று அவன் ஓரடி முன்னால் வந்தான், அதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார்.