கேரியரில் ஏறிய பாரம்

கனகலட்சுமி வேலை பார்க்கும் விசைத்தறிக் கூடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அவளைத் தினமும் அங்கே கொண்டு விடுவது கணவர் ஆறுமுகச்சாமியின் சைக்கிள்தான். அன்றைக்குப் பாதி வழியில் பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியில் உரச ஆரம்பித்தது. இரண்டு பேரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஞானதுரையின் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் போனார்கள்.

ஞானதுரை சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவினான். வாசலில் கிடந்த கடப்பைக் கல்லில் அதை உருட்டிவிட்டான். நேராக உருளாமல் தத்தித் தத்திப் போனது.

“ஆக்சில் நல்லா பெண்டாயிருக்கு அண்ணாச்சி. அப்படி என்ன வெயிட்டு ஏத்துனீங்க?”

ஆறுமுகச்சாமி குனிந்து அச்சைப் பார்த்தார். ஆனால் அவர் கண் ஒரு தடவை தன் பக்கம் வந்துவிட்டுப் போனதைக் கனகலட்சுமி பார்த்துவிட்டாள். போன மாசம்தான் கூடத்தில் பக்கத்துத் தறி ஷீலா, “என்னக்கா, சதை போட்டுட்டீங்க” என்றிருந்தாள். அப்போது சிரித்தவளுக்கு இப்போது முகம் சுண்டிப்போயிற்று.

“நாளையிலேருந்து நான் நடந்தே போறேன்.”

“ஏட்டி, உன்னைய யாரு என்ன சொன்னா?”

“வாயால வேற சொல்லணுமாக்கும்? அதான் பாத்தீங்களே.”

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். பத்து எட்டு வைத்திருப்பாள், பின்னால் செருப்புச் சத்தம்.

“நில்லு. நீ இல்ல. கிரைண்டரு.”

“என்ன கிரைண்டரு?”

ஆறுமுகச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவள் புளியங்குடியில் தங்கச்சி வீட்டில் இருந்த நேரம், ரிப்பேர் பார்த்த கிரைண்டரைக் கல்லோடு கேரியரில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். ரயில்வே கேட் பக்கம் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, ஆளும் சைக்கிளுமாகச் சரிந்திருக்கிறார்.

“ஆட்டோல வந்துச்சுன்னீங்களே!”

“நீ வைவேன்னு அப்படிச் சொன்னேன். ஞானதுரை கேக்கவும், கண்டுபிடிச்சிருவியோன்னுதான் உன்னையப் பாத்தேன்.”

“அடி பட்டுச்சா? காட்டுங்க.”

நடுரோட்டில் வேட்டியை ஒதுக்கி முட்டியைக் காட்டினார். ஒரு ரூபாய் அகலத்துக்குக் காயம், ஓரமெல்லாம் சிவந்திருந்தது. “ஊசி போட்டீங்களா? இல்லையா? கூறு இருக்கா உங்களுக்கு?” என்று வைதாள். வைய வைய நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. பேசாமல் இருந்திருந்தால் பழி அவள் மேலேயே கிடந்திருக்கும். மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஞானதுரை சுத்தியலோடு காத்திருந்தான். “தட்டி நிமித்தவா அண்ணாச்சி?”

“தட்டுனா மறுபடி வளையும். புதுசே போடு தம்பி,” என்றாள் கனகலட்சுமி.

அவன் கிரீஸ் தடவி, பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, புது அச்சைச் செருகி நட்டை முடுக்கினான். சுற்றிவிட்டதும் சக்கரம் ஆடாமல் அசையாமல் ஓடியது.

கேரியரில் ஏறி உட்கார்ந்த கனகலட்சுமி, “ஆஸ்பத்திரிக்கு மிதிங்க,” என்றாள்.

“தறிக்கு நேரமாயிரும்லா?”

“ஆகட்டும். நான் சொல்லிக்கிடுதேன்.”

ஊசி என்றால் நடுங்குகிற ஆள் அவர். புது அச்சு வழுக்கிக்கொண்டு ஓடியும், ஆஸ்பத்திரி போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது.