காட்டெருமைக்கு இரண்டாவது டேக்

எருமையைப் பிடித்தாயிற்று. கொம்பில் சுருக்கு விழுந்து, நாலு பேர் இழுத்து, காலைக் கட்டி, எல்லாரும் தண்ணீர் குடிக்க உட்கார்ந்த பிறகுதான் கேமராமேன் முகம் செத்துப்போய் வந்தார். கேமராவில் பிலிம் சிக்கிக்கொண்டதாம். ஒன்றுமே பதியவில்லையாம்.

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். டூப்பும் தந்திரமும் இல்லாமல் நிஜமாகவே மிருகத்தைப் பிடித்துக் காட்டும் படம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார் மனிதர். கொஞ்ச நேரம் எருமையையே பார்த்தார்.

"அவுத்து விடுங்க. மறுபடி புடிப்போம்" என்றார், ஏதோ வீட்டு ஆட்டை அவிழ்க்கச் சொல்வதுபோல.

ஜீப் டிரைவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதல் தடவை எருமைக்கு ஒன்றும் தெரியாது, ஓடியது. இப்போது அதற்கு ஜீப்பையும் தெரியும், கயிற்றையும் தெரியும். திரும்பிப் பாயும். பாய்ந்தால் முதலில் மாட்டுகிறவன், முன் மட்கார்டில் பற்றவைத்த இருக்கையில் பெல்ட்டு மாட்டிக்கொண்டு சுருக்குக் கம்போடு உட்காருகிறவன். அவன் டிரைவருடைய மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்ட புண்ணியவானும் டிரைவர்தான்.

"முடியாதுன்னு சொல்லிடு மாப்ள."

"சொன்னா வேற எவனையாச்சும் உக்கார வைப்பாங்க. நீங்க சும்மா ஓட்டுங்க மாமா. அக்காகிட்டயும் பயம், எருமைகிட்டயும் பயம்னா எப்படி?"

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டார். எருமை தலையைத் திருப்பினால் போதும், பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிடுவது. படம் நாசமாய்ப் போகட்டும். இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மச்சினனிடம் சொன்னால் வீம்புக்கென்றே வேண்டாம் என்பான்.

கட்டை அவிழ்த்தார்கள். எருமை எழுந்து ஓடியது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்னால் பறந்தது. நெருங்கியதும் மச்சினன் கம்பை நீட்டினான். எருமை வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பியது. டிரைவர் உடம்பின் பாரம் முழுவதையும் பிரேக்கில் வைத்து அழுத்தினார்.

ஜீப் நின்றது. மச்சினன் நிற்கவில்லை. இருக்கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய், எதிரே இருந்த பாறையில் முதுகு மோத விழுந்தான். எருமை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வழியே ஓடிவிட்டது.

டிரைவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். "பெல்ட்டு போடலியாடா பாவி?"

"வேணும்னுதான் போடல. பாஞ்சா குதிச்சிடலாம்னு பார்த்தேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா வண்டியவே எடுத்திருக்க மாட்டீங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க எதுக்கு மாமா பிரேக் போட்டீங்க?"

டிரைவர் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"இருங்க மாமா, அவசரப்படாதீங்க. மொதல்ல என் கால் மேல உக்காந்திருக்கறவங்கள எந்திரிக்கச் சொல்லுங்க."

டிரைவர் பார்த்தார். அவன் கால்மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.